மூன்றாம் வகுப்பில் ‘கண்ணை மூடி உட்கார்’ எடுபடவில்லை, நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

வைகைக்கரை டீச்சர்:
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டே ஆசிரியர்கள். மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம். மதியச் சாப்பாடு முடிந்து மணி அடித்த பிறகு வரும் கால் மணி நேரம்தான் என் தலைவலி. வேர்வையும் புழுதியுமாக வருவார்கள். “டீச்சர், இவன் தள்ளிவிட்டான்”, பட்டப்பெயர், அழுகை, எல்லாம் அப்போதுதான்.

பயிற்சி ஒன்றில், ஐந்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னால் அடங்குவார்கள் என்றார்கள். செய்து பார்த்தேன். பாதிப் பேர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் “எப்ப முடியும் டீச்சர்?” இதற்கிடையில் ஒரு பையனின் அம்மா வந்து, “இது எந்தச் சாமிக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கனிவாக நடந்துகொள்வதைச் சொல்லிக் கொடுக்க முடியுமா? “சாரி சொல்லு” என்றால் சொல்கிறான். மறு நிமிடமே கிள்ளுகிறான்.

யமுனைக்கரைத் தமிழன்:
இங்கே டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ தொடங்கினார்கள், தலாய் லாமா வந்திருந்தார். நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை. தேர்வு கிடையாது. முதலில் சில நிமிடம் கவனப் பயிற்சி, பிறகு கதை, செயல்பாடு, அதைப் பற்றிய பேச்சு. என் அக்கா மகள் அதில் படித்தவள். மூச்சுப் பயிற்சியைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள், கதைகளை மட்டும் இன்றும் சொல்வாள்.

கரிசல்காட்டு வாத்தியாரம்மா:
டீச்சர், நீங்கள் எடுத்த நேரம் சரியில்லை. ஓடி வந்த பிள்ளைக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போது அசையாமல் உட்கார் என்றால் எப்படி? முதலில் உடம்புக்கு வேலை கொடுங்கள். முகம் கழுவட்டும், தண்ணீர் குடிக்கட்டும். வகுப்புச் சுவரை இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் தள்ளச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும், சுவர் நகர்ந்துவிட்டதாகச் சண்டை வேறு போடுவார்கள். உட்காருவதெல்லாம் அப்புறம்தான். பயிற்சியைக் காலையில், பிள்ளைகள் ஏற்கெனவே அமைதியாக இருக்கும்போது பழக்குங்கள். காலையில் பழகியதுதான் மதியம் கைகொடுக்கும்.

கண்ணை மூடச் சொல்லவே வேண்டாம். அப்பா குடித்துவிட்டு வந்து கத்துகிற வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குக் கண்ணை மூடினால் நிம்மதி வராது, பயம்தான் வரும். தரையைப் பார்த்தால் போதும்.

நான் செய்வது காது விளையாட்டு. எங்கள் பள்ளி மணி, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. ஒரே ஒரு தட்டு. சத்தம் முழுசாகத் தேய்ந்து போனதும் கையைத் தூக்க வேண்டும். எனக்குத்தான் கடைசி வரை கேட்டது என்று காட்டிக்கொள்ள இரண்டு மூன்று பேர் கையைத் தூக்கவே மாட்டார்கள். இருக்கட்டும், அவர்களும் அந்த நேரத்தில் வாயைத் திறப்பதில்லை. பிறகு, வெளியே வேறு என்ன கேட்டது என்று கேட்பேன். டிராக்டர், மயில், சத்துணவு அம்மா பாத்திரம் தேய்ப்பது என்று ஆளுக்கொன்று வரும்.

மூச்சை வெறுமனே ‘கவனி’ என்றால் எட்டு வயதுக்குப் பிடிபடாது. கழுத்து நாடியில் விரல் வைக்கப் பழக்குங்கள். குதித்துவிட்டுத் தொட்டுப் பார்க்கட்டும். அப்புறம் சூடான டீயை ஆற்றுவதுபோல நீளமாக ஊதட்டும், மறுபடி தொட்டுப் பார்க்கட்டும். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். அதனால்தான் இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கச் சொல்கிறோம். ஐந்தாம் வகுப்புக்கு இது அறிவியல் பாடமாகவும் ஆகிவிடும்.

நெல்லிக்காய் கிடைக்கும் நாட்களில் கொட்டையை நீக்கி ஆளுக்கொரு கீற்று. உடனே விழுங்கக் கூடாது. நாக்கில் எங்கே புளிக்கிறது, எங்கே துவர்க்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு வாய் தண்ணீர். அது இனிக்கும்போது பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் நான் கறார். ‘சத்தம் போட்டால் தியானம்’ என்று இதைத் தண்டனையாக்கினால் அன்றோடு முடிந்தது. ‘கை கட்டு, வாய் பொத்து’ என்றாலும் வகுப்பு அமைதியாகத்தான் இருக்கும், உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். நாம் பிரம்பால் மேசையைத் தட்டி ‘அமைதி!’ என்று கத்துவதைவிட வேடிக்கை உண்டா? கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனத்துன்பம் கொடுப்பதையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. பட்டப்பெயர் வைப்பதில் நம்மில் சிலர்தான் பிள்ளைகளுக்கே வாத்தியார்.

‘சாரி’யை விட்டுவிடுங்கள். தள்ளிவிட்டவனிடம், “அவனுக்கு இப்ப என்ன வேணும்னு கேள்” என்று சொல்லுங்கள். தண்ணீரா, முட்டியைத் துடைக்கத் துணியா, கொஞ்ச நேரம் தனியாக விடுவதா என்று அடிபட்டவன் சொல்லட்டும், இவன் செய்யட்டும். சில சமயம் “ஒண்ணும் வேணாம், போ” என்பான். அதுவும் பதில்தான். அடிக்கடி கை நீட்டுகிறவனுக்கு ஒரு பொறுப்பும் கொடுங்கள். எங்களிடம் அப்படி ஒருவன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கை கழுவ வரிசையில் கூட்டிப் போகிறான். திருந்திவிட்டான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சின்னப் பிள்ளைகள் மேல் கை வைப்பதில்லை.

‘எந்தச் சாமிக்கு’ என்று கேட்ட அந்த அம்மாவை ஒரு நாள் காலையில் வரச் சொல்லி வகுப்பில் உட்கார வையுங்கள். மந்திரம், படம், கும்பிடுவது, பூஜை மணி எதுவும் இல்லை என்பதை அவரே பார்த்துக்கொள்வார். ‘தியானம்’ என்ற பெயரும் வேண்டாம்.

லெஸ்டர் அப்பா:
இங்கிலாந்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன். இங்கே 85 பள்ளிகளில், 11 முதல் 14 வயது வரையுள்ள எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் ‘மிரியட்’ என்றொரு பெரிய ஆய்வு நடத்தி 2022இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான வகுப்புகளைவிட மைண்ட்ஃபுல்னஸ் (கவனப் பயிற்சி) வகுப்பால் பிள்ளைகளின் மனநலம் கூடியதாகத் தெரியவில்லை. பெரும்பாலானோர் வீட்டில் செய்து பார்க்கவே இல்லை. பயிற்சி எடுத்த ஆசிரியர்களுக்குத்தான் சோர்வு குறைந்தது, அதுவும் நெடுநாள் நிற்கவில்லை. என் மகள் பள்ளியில் இதைக் கைபேசிச் செயலியில் ஓட்டுகிறார்கள், அவள் அந்த நேரத்தில் படம் வரைகிறாள்.

கரிசல்காட்டு வாத்தியாரம்மா:
@லெஸ்டர் அப்பா, அது பெரிய பிள்ளைகள் சார், நம் பேச்சு தொடக்கப் பள்ளி. ஆனாலும் நீங்கள் சொன்னதை வைத்துக்கொள்கிறேன், மனநோய்க்கு மருந்து என்று யாராவது இதை விற்க வந்தால் காட்டலாம். எனக்கு இதில் வேண்டியது மதியம் கணக்குப் பாடம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். தூங்காமல், சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் ஒரு பிள்ளை இருந்தால் அதற்குக் காது விளையாட்டு போதாது, டாக்டரிடம்தான் அனுப்ப வேண்டும். வீட்டில் ஆபத்து என்று தெரிந்தால் 1098, குழந்தைகள் உதவி எண்.

உங்கள் மகள் படம் வரைகிறாளா? வரையட்டுமே.

வைகைக்கரை டீச்சர்:
நன்றிங்க அக்கா. சுவர் தள்ளுவது நாளைக்கே. ஆனால் எங்களுக்கு மின்சார மணி, ‘கிர்ர்’ என்று அடித்து டப்பென்று நின்றுவிடும். சில்வர் தட்டைத் தட்டினால் ஆகுமா?

கரிசல்காட்டு வாத்தியாரம்மா:
கையில் பிடித்துத் தட்டினால் சத்தம் உடனே செத்துவிடும். விளிம்பில் ஓட்டை போட்டு நூலில் தொங்கவிடுங்கள். தட்டைவிடக் கனமான இரும்புக் கம்பி கிடைத்தால் இன்னும் நல்லது, பழைய இரும்புக் கடையில் கேட்டுப் பாருங்கள்.