ரப்பர் பால்: அடர்த்தி கூடினால் துகள் ஏன் சிறிதாகத் தெரிகிறது?

குலசேகரத்து மாணவி:
முதுகலை இயற்பியல் திட்டப்பணிக்காக ரப்பர் பாலை ஒளிச்சிதறல் கருவியில் (சிதறும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து துகளின் வேகத்தையும், அதிலிருந்து அதன் அளவையும் கணிக்கும் கருவி) அளக்கிறேன். காலையில் சிரட்டையிலிருந்து எடுத்ததும் அமோனியா சேர்த்து வடிகட்டிய பால். நன்றாக நீர்த்த மாதிரியில் துகளின் அளவு நிலையாக வருகிறது. அடர்த்தியைக் கூட்டக் கூட்ட அது குறைந்துகொண்டே போகிறது. துகள்கள் நெருங்கினால் நகர்வு மெதுவாகும் என்றுதானே படித்தோம்? அப்படியானால் பெரிய துகள் என்றல்லவா காட்ட வேண்டும்? எத்தனை முறை அளந்தாலும் இதே போக்குதான். உதவுங்கள்.

ஆற்றூர்க்காரன்:
தங்கை, படித்ததும் சரி, கருவியிலும் பழுதில்லை. வெள்ளைப் பாலுக்குள் போகும் லேசர் ஒளி ஒரு துகளில் பட்டு வெளியே வருவதில்லை. பல துகள்களில் பட்டுப் பட்டுத்தான் வருகிறது. அதனால் ஒளியின் ஏற்ற இறக்கம் விரைவாகிறது. ஒரே ஒரு சிதறல் என்று எடுத்துக்கொள்ளும் கருவியோ, துகள் வேகமாக ஓடுகிறது, எனவே சிறியது என்று கணக்குப் போடுகிறது. குவளையை வெளியே எடுத்து லேசர் சுட்டியை அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். மெல்லிய கோடு தெரிந்தால் அளவை நம்பலாம். குவளை முழுவதும் ஒளிர்ந்தால் அந்த எண்ணைக் குறிப்பேட்டிலேயே ஏற்றாதீர்கள்.

தக்கலை அக்கா:
அதோடு முடியவில்லை. பல்சிதறலை நீக்கினாலும், எந்தப் பரவலை, அதாவது துகள்களின் எந்தவகைத் தாறுமாறான இடப்பெயர்வை, அளக்கிறோம் என்ற கேள்வி நிற்கும். சுசீந்திரம் தேரோட்டக் கூட்டத்தில் நின்ற இடத்திலேயே அசையலாம். நாலு பேரைத் தாண்டிப் போவதுதான் பாடு. துகளுக்கும் அப்படியே. குறுகிய நேரத்தில் அது அண்டைத் துகள்களின் கூண்டுக்குள் அசைகிறது. அப்போதும் இடையிலுள்ள நீர் தள்ளுவதால் வேகம் குறைகிறது: கடினக் கோளங்களுக்கு (தொட்டால் மட்டுமே ஒன்றையொன்று தடுக்கும் துகள்கள்), நீர்த்த நிலையில், கன அளவுப் பின்னத்தை (மொத்தக் கன அளவில் துகள்களின் பங்கு) 1.83 ஆல் பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால், தனித் துகளின் பரவலில் எத்தனை பங்கு மிஞ்சும் என்பது கிடைக்கும் என்று 1976-இல் பாய்ம இயக்கவியல் அறிஞர் பேச்சலர் காட்டினார். கூண்டை விட்டு வெளியேறும் நெடுநேரப் பரவல் இன்னும் மெதுவானது. கன அளவு 49 சதவீதத்தை எட்டும்போது அது குறுநேரப் பரவலில் சுமார் பத்தில் ஒரு பங்கு. 58 சதவீதத்தை நெருங்கினால் கண்ணாடிபோல் உறைந்தே போகிறது.

ஆனால் அடர்த்தி ஏற்றத்தாழ்வு கலையும் கூட்டுப் பரவல், கடினக் கோளங்களில் நெரிசலால் சற்றே விரைவாகிறது! சிறு கோணத்து ஒளிச்சிதறல் பார்ப்பது இதைத்தான். ஆகவே உங்கள் கருவி நெரிசலின் மெதுவைக் காட்டாமல் போக இரண்டு காரணங்கள்.

குலசேகரத்து மாணவி:
நன்றி அக்கா, அண்ணா. தோட்டத்துப் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறதே, அதில் நேரடியாக மெதுவாவதைப் பார்க்க வழி உண்டா?

தக்கலை அக்கா:
பால் அதற்கு ஒத்துவராது. துகள்கள் ஒரே அளவில் இல்லை, மின்னூட்டமும் புரத உறையும் வேறு. நீரைவிட இலேசானதால் வைத்திருந்தால் மேலே ஆடை கட்டும். ஒரு மைக்ரான் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் (ஒருவகை பிளாஸ்டிக்) மணிகளை எடுங்கள். அவற்றில் மிகச் சிலவே ஒளிரும் சாயமேற்றியவையாக இருக்கட்டும். 10, 20, 30 சதவீதக் கன அளவில் கலந்து, ஒளிர்வு நுண்ணோக்கியில் அந்தச் சிலவற்றை மட்டும் பின்தொடருங்கள். கண்ணாடிச் சுவரை ஒட்டிக் குவிக்காதீர்கள். சுவரும் நகர்வை மெதுவாக்கும். நீர்த்த நிலையில், 30 டிகிரி வெப்பத்தில், பரவல் எண் வினாடிக்குச் சுமார் 0.55 சதுர மைக்ரான் வர வேண்டும். அது வந்த பிறகு நெரிசலைக் கூட்டுங்கள்.

ஆற்றூர்க்காரன்:
பாலை அளப்பதையும் விட்டுவிட வேண்டாம். அமோனியா கலந்த நீரால் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போங்கள். இரண்டு அடுத்தடுத்த நீர்த்தலில் அளவு மாறாமல் நின்றால் அதுதான் உங்கள் துகளின் அளவு.