ஆரஞ்ச்டவுனின் டச்சு வேர்கள்

கேள்வி: நியூயார்க் 1664இல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் வசமானது. அப்படியிருக்க, அம்மாநிலத்தின் ராக்லேண்ட் மாவட்டத்து ஆரஞ்ச்டவுனில் 1680களில் டச்சுக்காரர்கள் குடியேறியது எப்படி?

பதில் 1: கொடிதான் மாறியது, குடிகள் மாறவில்லை. மன்ஹாட்டன் பகுதியில் இருந்த டச்சு உழவர் குடும்பங்கள் டாப்பன் பழங்குடியினரிடம் நிலம் வாங்கி, 1686இல் ஆங்கில ஆளுநரிடமே நில உரிமைப் பட்டயமும் பெற்றன. பங்குதாரர்களில் அடிமைத்தளையற்ற கறுப்பினத்தவரும் இருந்தனர் என்பதைப் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். ஹட்சன் ஆற்றங்கரையில் பாலிசேட்ஸ் என்ற செங்குத்துப் பாறை மதிலாக நின்றாலும், அதை ஊடறுத்து வரும் ஸ்பார்கில் ஓடை வழியே படகுகள் உள்ளே செல்ல முடிந்தது.

பதில் 2: டச்சு வேருக்குச் சான்று வேண்டுமா? ஆரஞ்ச்டவுனைச் சேர்ந்த டாப்பன் ஊரில் டச்சுக்காரர் கட்டிய டி விண்ட் இல்லத்தைப் பாருங்கள். பக்கச் சுவர்கள் மணற்கல். முகப்போ செங்கல், அதில் 1700 என்ற ஆண்டையே செங்கற்களால் பதித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் ஒற்றர் மேஜர் ஆந்த்ரே 1780 அக்டோபர் 2 அன்று அவ்வூரில் தூக்கிலிடப்பட்டபோது அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டன் தங்கியிருந்த வீடு இதுவே.

பதில் 3: ஈரி ரயில்பாதை 1841இலேயே ஆரஞ்ச்டவுனின் ஹட்சன் கரை ஊரான பியர்மாண்டிலிருந்து இயங்கத் தொடங்கிவிட்டது. ஆயினும், இங்குள்ள வயல்கள் வீட்டுமனைகளானது பெரும்பாலும் 1955இல் ஹட்சனின் குறுக்கே டாப்பன் ஸீ பாலம் திறந்த பின்னரே.