மறு: ‘லூஸ் கான்டாக்ட்’, ‘டிரை சோல்டர்’ – இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம். கைபேசிப் பழுது வழிகாட்டிக்கு நாம் தொகுக்கும் சொற்பட்டியலில், ‘லூஸ் கான்டாக்ட்’ (செருகிய முனை சரியாகத் தொடாமல் இருப்பது), ‘டிரை சோல்டர்’ (பற்றவைப்பு சரியாகப் பிடிக்காமல் இருப்பது) இரண்டுக்கும் தமிழ்ச்சொல் கேட்டிருந்தோம். அதற்கு வந்த பதில் இது:

> இரண்டுக்குமே ‘தளர் இணைப்பு’ என்று போட்டுவிடலாம். கீழே விழுந்த கைபேசியில் ஒலி விட்டுவிட்டு வருகிறது என்றால் வாசகருக்கு அதுவே போதும்.

போதாது ஐயா. இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் வைத்தியம் வேறு. பலகைகளை இணைக்கும் பட்டைக்கம்பியின் (ஃபிளெக்ஸ் கேபிள்) முனை செருகியிலிருந்து எழும்பியிருந்தால், மூடியைத் திறந்து அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. சில்லுக்கு (சிப்) அடியில் பற்றவைப்பு விட்டிருந்தால் அழுத்திப் பயனில்லை. சூடான காற்றடித்துச் சில்லைத் தூக்கி, அடியிலுள்ள பற்றவைப்பு உருண்டைகளைப் புதிதாக வைத்துத் திரும்பப் பற்றவைக்க வேண்டும். நுண்ணோக்கி இல்லாமல் அந்த வேலை நடக்காது. வழிகாட்டியில் ஒரே சொல்லைப் போட்டால், படிப்பவர் திருப்புளியைக் கையில் எடுப்பதா, கடைக்குப் போவதா என்று முடிவு செய்ய முடியாது.

திறக்காமலே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். சாதாரண அழைப்பில் நம் குரல் எதிர்முனைக்குப் போகவில்லை, ஸ்பீக்கரில் போட்டதும் போகிறது என்றால், பெரும்பாலும் கீழ் ஒலிவாங்கிதான் போயிருக்கிறது. ஸ்பீக்கரில் போடும்போது குரலை எடுக்கும் மேல் ஒலிவாங்கி நன்றாக இருக்கிறது. அப்புறம் சார்ஜரைச் செருகிப் பார்க்க வேண்டும். பல கைபேசிகளில் சார்ஜ் துளையும் கீழ் ஒலிவாங்கியும் ஒரே சிறிய மின்சுற்றுத் துணைப்பலகையில் உட்கார்ந்திருக்கும். அதனால் சார்ஜும் தகராறு செய்தால், அந்தப் பலகையின் பட்டைக்கம்பி எழும்பியிருக்க வாய்ப்பு அதிகம். இதுதான் லூஸ் கான்டாக்ட்.

மாறாக, மேல் கீழ் ஒலிவாங்கிகள், காதருகே கேட்கும் ஒலிப்பான், பெரிய ஒலிப்பான் எல்லாமே ஒன்றாகப் படுத்துவிட்டன, குரல்பதிவுச் செயலி பதியவே மறுக்கிறது, ஆனால் புளூடூத் இயர்போனில் பாட்டு மட்டும் ஒழுங்காகக் கேட்கிறது என்றால், தனித்தனி உறுப்புகளைக் குறை சொல்ல முடியாது. அவை எல்லாம் வந்து சேரும் ஒலிச்சில்லின் (ஆடியோ ஐசி) பக்கம்தான் பார்க்க வேண்டும். கைபேசி சூடேறினால் ஒரு மாதிரி, ஆறினால் வேறு மாதிரி நடந்துகொள்வதும், லேசாக வளைத்தால் ஒலி வந்து போவதும் இந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தும்.

(ஒலி தொடர்ந்து வருகிறது, ஆனால் கரகரக்கிறது என்றால் பெரும்பாலும் இரண்டுமே இல்லை. ஒலிப்பானின் சவ்வோ சுருளோ அடிபட்டிருக்கலாம். அப்படியானால் ஒலிப்பானையே மாற்ற வேண்டியதுதான்.)

சரி, சொல்லுக்கு வருகிறேன். முதலாவதற்கு ‘தொடுகைத் தளர்வு’. ‘தொடர்பு’ வேண்டாம், ‘தொடர்பு இல்லை’ என்றால் சிக்னல் இல்லை என்றுதான் எல்லாரும் படிப்பார்கள்.

இரண்டாவதற்கு ‘காய்ந்த பற்றவைப்பு’ என்று பட்டியலில் இருக்கிறது. அது இங்கே பொருந்தாது. டிரை சோல்டர் என்பது பற்றவைக்கும்போதே ஈயம் சரியாகப் பரவாமல் போன குறை. பட்டறையில் எல்லாவற்றையும் அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நேற்றுவரை ஒழுங்காகப் பேசிய கைபேசி விழுந்ததும் ஊமையானால், அங்கே எதுவும் காயவில்லை, உடைந்திருக்கிறது. சோல்டருக்குப் பொற்கொல்லர் கையில் புழங்கிய ‘பற்றாசு’ இருக்கிறது. ஆசிடை வெண்பா என்ற பா வகையில் முதல் இரண்டடிக் குறளையும் அடுத்து வரும் தனிச்சொல்லையும் ஒட்டவைக்க இடையில் வரும் ‘ஆசு’ம் இதே பொருளில்தான். எனவே ‘பற்றாசு விரிசல்’.

—

வணக்கம் நண்பரே. தொடுகைத் தளர்வு எனக்குச் சம்மதம். ‘விரிசல்’தான் இடிக்கிறது. விழுந்த பலகைகளில் பல சமயம் பற்றாசு முழுசாகவே இருக்கும். அதன் கீழே உள்ள செம்புத் திட்டுதான் (பேட்) பலகையிலிருந்து பெயர்ந்து வந்திருக்கும். அதற்குச் சில்லைத் திரும்ப ஒட்டினால் மட்டும் போதாது, மெல்லிய கம்பி ஓட்டிப் பலகையின் மின்தடத்தோடு இணைக்க வேண்டும். அதை விரிசல் என்று எப்படிச் சொல்வது? மேலும், திறக்காமல் பார்க்கிறவருக்கு விரிந்ததா பெயர்ந்ததா என்று தெரியப் போவதில்லை. இரண்டையும் அடக்கும் சொல் வேண்டும்.

—

நியாயம். அப்படியானால் பொதுச்சொல்லாகப் ‘பற்றுவிடல்’. அதன் கீழே ‘பற்றாசு விரிசல்’, ‘திட்டுப் பெயர்வு’ என்று இரண்டு வகை. வெளியிலிருந்து சோதிப்பவர் ‘ஒலிச்சில்லில் பற்றுவிடல் இருக்கலாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்; நுண்ணோக்கியில் பார்ப்பவர் எந்த வகை என்று எழுதுவார். கைபேசி துறவறம் போய்விட்டதா என்று யாராவது கேலி செய்யக்கூடும். செய்யட்டும், சொல் மனதில் நிற்கும்.

‘காய்ந்த பற்றவைப்பு’ பட்டியலிலேயே இருக்கட்டும், உற்பத்திக் குறை என்ற குறிப்போடு. மறுப்பு இருப்பவர்கள் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்த நான்கு புதுச் சொற்களையும் வழிகாட்டியில் ஏற்றிவிடுகிறேன்.