டான்யூப் கரையில் ஒரு நாள்: மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை

டான்யூப் ஆற்றோரச் சைக்கிள் பாதையில் யாரையெல்லாம் சந்தித்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். ஆஸ்திரியாவில் மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவே உள்ள வாஹாவ் பள்ளத்தாக்கில் எனக்கு அமைந்த ஒரு ஜூலை நாளைச் சொல்கிறேன். தூரம் சுமார் 36 கிலோமீட்டர்தான். ஓட்டிப் பழகியவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படி முடிக்காதீர்கள், ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

மெல்க்குக்குச் சற்று மேலே 1982இல் கட்டி முடித்த நீர்மின் நிலையம் இருக்கிறது. அதன் மேற்குப் பக்கம் ஆறு ஏரிபோல் அசைவில்லாமல் கிடக்கிறது. அணையைத் தாண்டியதும் தண்ணீர் வேகமெடுத்து, கரையோரக் கற்களில் சலசலவென்று ஓடுகிறது. மெல்க் மடத்தின் மஞ்சள் சுவர்களை எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில், எழுபதைத் தாண்டிய ஒரு டச்சுத் தம்பதி சைக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டு ஆற்றங்கரைப் பலகை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் 2036க்குப் பக்கத்தில் ஓர் எண். கருங்கடலில் ஆறு கலக்கும் இடத்திலிருந்து மேல்நோக்கி அளந்த கிலோமீட்டர் அது என்று அந்த அம்மா விளக்கினார். "நாங்கள் கடல்வரை போகிறோம். தினமும் சாயங்காலம் எண் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்போம்" என்றார். அதற்குப் பிறகு வழியெல்லாம் நானும் பலகைகளைத் தேடிக்கொண்டே ஓட்டினேன்.

வடகரையில் வில்லெண்டோர்ஃப். 11 சென்டிமீட்டர் உயரமே உள்ள அந்தப் புகழ்பெற்ற கற்காலப் பெண் சிலை 1908இல் கிடைத்த ஊர். உண்மைச் சிலை வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பதால் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

ஷ்பிட்ஸ் ஊரில்தான் நாள் நின்றுபோனது. அங்கே ஆற்றைக் கடக்க ஒரு படகு உண்டு. கார், சைக்கிள் எல்லாம் ஏற்றும் பெரிய தட்டைப் படகு, ஆனால் அதைத் தள்ள எஞ்சின் இல்லை. ஆற்றுக்கு மேலே கரைக்குக் கரை இரும்புக் கம்பிவடம் கட்டியிருக்கிறார்கள். அதில் ஓடும் கப்பியோடு படகைக் கயிற்றால் பிணைத்திருக்கிறார்கள். படகோட்டி சுக்கானைத் திருப்பிப் படகை நீரோட்டத்துக்குச் சாய்வாக நிறுத்துகிறார், தண்ணீரே அதை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. சத்தமே இல்லை. நான் வியந்து பார்ப்பதைக் கண்டு அவர் என்னைச் சுக்கானருகே கூப்பிட்டு, "ஆறு ஓடுகிறவரை இது ஓடும்" என்றார். 1970களில் இந்தப் பள்ளத்தாக்கிலும் அணை கட்டத் திட்டம் இருந்ததையும், ஊர்மக்கள் எதிர்த்து அதைத் தடுத்ததையும் அவரே சொன்னார். 2000இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பகுதியாக அறிவித்தது. அணை வந்திருந்தால் இந்த நீரோட்டமும் இல்லை, அந்தப் பெருமையும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திரும்ப வடகரைக்கு வந்து, இன்னொரு முறையும் அவரோடு கடந்தேன்.

தென்கரையில் கார்கள் குறைவு. ஆர்ன்ஸ்டோர்ஃப் பக்கம் இருபுறமும் ஆப்ரிகாட் தோட்டம், மேலே மலைச்சரிவில் கல்லடுக்கிக் கட்டிய திராட்சைப் படிகள். ஒரு வீட்டு வாசலில் மேசைபோட்டுப் பழம் விற்ற பாட்டி, காசு வாங்குவதற்கு முன் என் தண்ணீர்ப் புட்டியை வாங்கி நிரப்பிக் கொடுத்தார். வீட்டுச் சுவரில் இரண்டு கோடுகள்: 2002, 2013. வெள்ளம் ஏறி நின்ற அளவு. 2013க் கோடு என் தோளுக்கு மேலே இருந்தது. "பயமில்லையா?" என்று என் ஜெர்மனில் கேட்டேன். "பயம்தான். ஆனால் இந்த மண்ணை வேறெங்கே கொண்டுபோவது?" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் ஆப்ரிகாட் உருண்டை கொண்டுவந்தார். முழுப் பழத்தை மாவில் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டியது. நம் கொழுக்கட்டைபோல, ஆனால் பூரணம் புளிப்பு. அதற்குக் காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

ரோசாட்ஸிலிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் டியூர்ன்ஷ்டைன் ஊர்த் தேவாலயத்தின் நீலக் கோபுரம், மேலே இடிந்த கோட்டை. இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192இல் சிறைவைத்த கோட்டை அது. ஏறிப் பார்க்கலாம், மாலையாகிவிட்டதால் நான் ஏறவில்லை.

மறுமொழி:
படகு பற்றி எழுதியதும் எனக்கு ஷ்லேகன் ஞாபகம் வந்தது. பாசாவ் ஊரிலிருந்து கீழே வந்தால், டான்யூப் பாறைமலையில் மோதி அப்படியே திரும்பி வளைகிற இடம். இடக்கரையில் ஒரு பகுதிக்குப் பாதையே கிடையாது, அதனால் சைக்கிளோடு நம்மைப் படகில் ஏற்றி ஆற்றோடு கூட்டிப்போய் இறக்குகிறார்கள். கூட வந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நாம் ஓட்டும் பாதையின் பெரும்பகுதி குதிரைகள் படகை எதிர்நீரில் இழுத்துச் சென்ற பழைய வழி என்றார். ஏற்றமே இல்லாமல் கரையை ஒட்டியே பாதை ஏன் போகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுமொழி:
குடும்பத்தோடு போகிறவர்களுக்கு: மேற்கிலிருந்து கிழக்கே ஓட்டுங்கள், பெரும்பாலும் காற்று முதுகில் இருக்கும். கிரெம்ஸிலிருந்து வியன்னாவுக்கு உள்ளூர் ரயில் உண்டு, சைக்கிளுக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும். ஞாயிறு மாலை கூட்டம் அதிகம். எங்கள் இரண்டு குழந்தைகளின் சைக்கிளையும் பெட்டிக்குள் தூக்கி வைத்தவர்கள், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத இரண்டு கல்லூரிப் பையன்கள்.