ஆல் வீல் டிரைவ் ஓட்டுபவர்களே, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தூத்துக்குடி, ரெனோ டஸ்டர்

பங்குனி உத்திரத்துக்குத் தேரிக்குடியிருப்பு அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். நல்ல கூட்டம். வண்டியை நிறுத்த இடம் தேடி, தார் ரோட்டை விட்டுத் தேரி மணலுக்குள் ஐம்பதடி இறங்கிவிட்டேன். நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை போகும் ஆல் வீல் டிரைவ்தானே என்ற தைரியம். கியருக்குப் பக்கத்திலுள்ள திருகு ‘ஆட்டோ’வில் இருந்தது. முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. நான் இன்னும் மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் செம்மணல் வண்டியின் அடிவயிற்றைத் தொட்டுவிட்டது. கிளட்ச் கருகும் வாடை வேறு.

பனங்காட்டுப் பக்கமிருந்து வந்த பெரியவர் ஒருவர், “எய்யா, மிதிக்க மிதிக்க உள்ளதான் போவும். மொதல்ல காத்த எறக்குங்க” என்றார். 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இருந்த காற்றை நாலு டயரிலும் 18-க்கு இறக்கினோம். டயர் பரந்து உட்கார்ந்தது. காய்ந்த பனைமட்டைகளை அவரே கொண்டுவந்து சக்கரங்களுக்கு முன்னால் செருகினார். திருகை ‘லாக்’கில் வைத்து, முதல் கியரில் மெல்ல விட்டேன். ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்வதென்றே தெரியவில்லை எனக்கு.

வீட்டுக்கு வந்தபிறகுதான் என் வண்டி எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால். அங்கிருந்து ஒரு நீண்ட ஷாஃப்ட் பின்னால் போகிறது. இரண்டு பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுத்து, வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதிதான் பின் டிஃபரன்ஷியல். அதற்குச் சற்று முன்னால், எண்ணெயில் நனைந்த தட்டுகள் அடுக்கடுக்காக ஒரு கூட்டுக்குள் இருக்கின்றன. மின்காந்தம் அவற்றை நெருக்கினால்தான் பின்சக்கரத்துக்கு இழுவை போகும். எவ்வளவு நெருக்குவது என்பதைச் சக்கரங்களின் வேகத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. ‘ஆட்டோ’வில் முன்சக்கரம் வழுக்கிய பிறகே பின்சக்கரம் முழுதாகச் சேர்கிறது. மழை ரோட்டில் அந்தத் தாமதம் தெரியவே தெரியாது. மணலில் அதற்குள் குழி விழுந்துவிடும். ‘லாக்’கில் போட்டால் மெதுவாகப் போகும்போது தட்டுகள் ஆரம்பத்திலிருந்தே இறுக்கமாக இருக்கும். முதல் கியரையும் இதற்காகவே குறுக்கி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓடும்போது வண்டி மணிக்கு 6 கிலோமீட்டர்கூடப் போகாது. மணலில் இறங்கும் முன்பே நான் திருகியிருக்க வேண்டும்.

மதுரை, மஹிந்திரா தார்

உங்க வண்டியில கம்ப்யூட்டர் செய்யற வேலையை எங்க வண்டியில கைதான் செய்யணும். எனக்கு இதைப் புரியவெச்சவர் ஒரு ஜீப் டிரைவர். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு அவர் ஜீப்பில் போனோம். பாறைப் பாதை தொடங்குற இடத்தில் நிறுத்தி, சின்ன லீவரை இழுத்து லோவில், அதாவது வேகம் குறைஞ்சு இழுவை கூடுற கியரில் போட்டார். இறங்கி வரும்போது பிரேக்கை அநேகமா தொடவே இல்லை, எஞ்சினே வண்டியைப் பிடிச்சு வெச்சுது. திரும்பித் தார் ரோட்டுக்கு வந்ததும் முதல் வேலையா ஃபோர் வீலை எடுத்துட்டார். ஏன்னு கேட்டேன். “திருப்பத்துல முன்வீல் பெரிய வட்டம் போடும், பின்வீல் சின்ன வட்டம். ரெண்டையும் சேத்துக் கட்டிட்டு ஓட்டினா எது விட்டுக்குடுக்கும் சார்?”

அவ்வளவுதான் விஷயம். இந்த வகையில முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது, இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்புற டிரான்ஸ்ஃபர் கேஸ் ரெண்டையும் பூட்டிடுது. சரளையில டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளிச்சுக்கும். காய்ஞ்ச தார் ரோட்டுல வழுக்க முடியாது, முறுக்கு முழுக்க ஷாஃப்ட்லயும் பல்சக்கரத்திலயும் ஏறும். ஸ்டியரிங் கெட்டியாகிறதை வெச்சே கண்டுபிடிச்சிடலாம். லோவில் என் தாருக்கு இழுவை 2.48 மடங்கு கூடும்.

இன்னொண்ணும் சொல்லணும். ஃபோர் வீல் போட்டும் ஒரு தடவை மாட்டியிருக்கேன். முன்னால இடது சக்கரமும் பின்னால வலது சக்கரமும் அந்தரத்துல தொங்கிச்சு. சாதாரண டிஃபரன்ஷியல் ரெண்டு பக்கத்துக்கும் சமமாத்தான் இழுவை குடுக்கும். காத்துல சுத்துற சக்கரத்தைச் சுத்த எவ்வளவு கொஞ்சம் போதுமோ, தரையில இருக்கறதுக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். பின் டிஃபரன்ஷியலைப் பூட்டினதும் ஏறிடுச்சு.

கோயம்புத்தூர்

நான் சொல்லப்போறது ஏறுறதைப் பத்தி இல்லை அண்ணா, நிக்கிறதைப் பத்தி. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது மழை. ஏறும்போது கொஞ்சம்கூட வழுக்காம ஏறின அதே வண்டி, ஒரு வளைவுல பிரேக் போட்டதும் நேரா சுவரைப் பாத்துப் போச்சு. பொண்ணு பின்னால தூங்கிட்டிருந்தா. எப்படியோ நின்னுடுச்சு, ஆனா ஒரு வாரம் எனக்குச் சரியாத் தூக்கமில்லை. பிரேக் எல்லாக் காருக்குமே நாலு சக்கரத்துலயும்தான் இருக்கு. நிக்கிற தூரத்துல ஆல் வீல் டிரைவ் ஒரு அடிகூடக் குறைச்சுத் தராது. முன் டயர் ரெண்டும் நல்லாத் தேஞ்சிருந்துச்சு. அந்த ரெண்டை மட்டும் மாத்தினாப் போதுமா?

சேலம்

வேண்டாம்மா. அதையே செய்து நான் நிறையச் செலவு பண்ணியவன். என்னுடையதும் டஸ்டர் போல ஆட்டோ வகைதான். முன்னால் புதுசு ரெண்டு, பின்னால் பழசு ரெண்டு என்று ஓட்டினேன். 690 மி.மீ. விட்டமுள்ள டயரில் 5 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 680 ஆகிவிடும். பார்த்தால் தெரியாது. ஆனால் கிலோமீட்டருக்கு ஏழு சுற்று அதிகமாகச் சுற்றும். சேலத்திலிருந்து சென்னை போவதற்குள் எத்தனை ஆயிரம் சுற்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம் முழுக்க தட்டுகளில் உரசலாகவும் சூடாகவும் போகிறது. முதலில் பின்னாலிருந்து ஒரு முனகல் சத்தம், அப்புறம் எச்சரிக்கை விளக்கு. கூட்டைப் பிரித்தபோது எண்ணெய் கறுத்துக் கிடந்தது.

நாலையும் ஒன்றாக, ஒரே அளவு, ஒரே மாடலாகப் போடுங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் நாலும் சமமாகத் தேயும். வண்டி வழியில் நின்றுபோனால், முன்சக்கரத்தை மட்டும் தூக்கிக் கட்டி இழுக்க விடாதீர்கள். பின்சக்கரம் உருண்டால் உள்ளே அதுவும் சேர்ந்து சுற்றும். வண்டியை முழுதாக மேலே ஏற்றிப் போகும் லாரியையே கூப்பிடுங்கள்.

கோயம்புத்தூர்

நாலையும் மாத்திடறேன் அண்ணா. பின் டிஃபரன்ஷியல் ஆயிலை வாங்கினதிலிருந்து மாத்தினதே இல்லை, அதையும் இந்த வாரமே பாக்கச் சொல்றேன்.