ரத்தம் எப்படிங்க திசு ஆகும்? கொஞ்சம் புரிய வைங்க

வணக்கம் நண்பர்களே, என் பொண்ணுக்கு செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம் பாடம் சொல்லிக் கொடுத்துட்டு இருக்கேன், ஒரு இடத்துல அப்படியே நின்னுட்டோம். வெங்காயத் தோலை உரிச்சு ஒரு சொட்டு அயோடின் விட்டு மைக்ராஸ்கோப்ல காட்டினேன், செங்கல் அடுக்கின மாதிரி வரிசையா செல், ஒவ்வொண்ணுலயும் பழுப்பா ஒரு புள்ளி, அதான் நியூக்ளியஸ்னு சொன்னதும் அவ்ளோ சந்தோஷம் அவளுக்கு. ஒரே மாதிரி செல் ஒட்டி நின்னு ஒரு வேலை செஞ்சா திசுனு அப்பவே மனசுல பதிஞ்சிடுச்சு.

அடுத்த பக்கம் ரத்தம் ஒரு இணைப்புத் திசுனு இருக்கு. உடனே கேக்குறா, ரத்தத்துல சிவப்பணு வெள்ளையணு தட்டணுனு வேற வேற இருக்கு, எதுவும் ஒட்டிக்கிட்டும் இல்ல, சிவப்பணுவுல நியூக்ளியஸே கிடையாது, 120 நாள் ஓடிட்டு அழிஞ்சிடுது, அப்புறம் எப்படி திசுனு. நியாயமான கேள்விதானே! பிளாஸ்மாதான் செல்களுக்கு நடுவுல இருக்கிற பொருள், எலும்புல அது கெட்டியா இருக்கு இங்க தண்ணியா இருக்குனு சொல்லிப் பாத்தேன், பாதிதான் ஏறுச்சு.

இன்னொண்ணு, தோல் திசுவா உறுப்பானு குழம்புறா. மேல எபிதீலியம்ங்கிற மூடுற திசு, கீழ இணைப்புத் திசு, நடுவுல நரம்பு, குட்டி குட்டி தசைனு பல திசு சேந்ததால உறுப்புனு சொன்னேன், ஆனா வெங்காயத் தோல் மட்டும் ஏன் திசுங்கறா.

பயாலஜி எடுக்குற டீச்சர்ஸ் யாராவது இருந்தா இத எப்படி சொல்லிக் கொடுப்பீங்கனு எழுதுங்க, கையால செஞ்சு காட்டுற மாதிரி ஏதாவது இருந்தா ரொம்ப உதவியா இருக்கும்.