கிளாரினெட்டின் ‘பேரல்’: தமிழில் என்ன? (அவசரம்)

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி பேண்டு மாணவர்களுக்கான கிளாரினெட் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஊதுவாய்க்கும் மேல்குழலுக்கும் நடுவில் ஒரு குட்டைத் துண்டு செருகுவார்களே, 65, 66 மில்லிமீட்டர் நீளத்தில், அதுதான் பேரல். சுருதியை இறக்க அதைத்தான் கொஞ்சம் வெளியே இழுப்பார்கள். அதைக் கருங்காலியில் செய்தால் எப்படி, எபோனைட்டில் (கெட்டியாக்கிய ரப்பர்) செய்தால் எப்படி என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. ‘எபோனைட் பீப்பாய்’ என்று எழுதினேன். என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். உதவுங்கள்.
– ம.

பீப்பாய் வேண்டவே வேண்டாம். அது போர்த்துகீசியர் விட்டுப்போன ‘பீப்பா’. நம்மிடம் ‘மிடறு’ இருக்கிறதே! வாய்க்கு அடுத்தது மிடறு. வாய்ப்பாட்டையே மிடற்றுப் பாடல் என்றவர்கள் நாம்.
– செ.

செ. ஐயா, சொல் அழகுதான். ஆனால் வாசிப்பவர்கள் ‘த்ரோட் டோன்’, அதாவது மிடற்றுச் சுரம், என்று ஏற்கெனவே வேறொன்றைச் சொல்கிறார்கள். கீழ் ஸ்தாயியின் உச்சியில் வரும் ஜி, ஏ, பி ஃபிளாட் சுரங்கள். அப்போது துளைகள் ஏறக்குறைய எல்லாமே திறந்திருக்கும், உள்ளே ஒலிக்கும் காற்றின் நீளம் குறைவு. அதனால் பேரலை 2 மில்லிமீட்டர் இழுத்தால் மற்றவற்றைவிட இவைதான் அதிகம் இறங்கும். ‘மிடற்றை இழுத்தால் மிடற்றுச் சுரம் இறங்கும்’ என்று எழுதினால் ஏழாம் வகுப்புப் பிள்ளை எதைப் பிடித்து இழுக்கும்?

இன்னொன்று. பீப்பாவும் ஆங்கிலப் பைப்பும் ஒரே வேர். லத்தீனில் குஞ்சு கீச்சிடுவதைச் சொல்லும் வினையிலிருந்து ஊதுகுழலுக்கு வந்து, குழாய்க்குப் போய், கடைசியில் சாராயம் ஊற்றும் பாத்திரத்தில் நின்றது. ஆக, பீப்பாய் தாய்வீட்டுக்குத்தான் திரும்புகிறது. நம் திருவிழாப் பீப்பியும் அந்த வம்சமோ என்னவோ!
– இரா.

பீப்பி ஒலிக்குறிப்பு. லத்தீன் வரை போக வேண்டியதில்லை.
– செ.

உலக்கைக்குப் பூண் போல இதற்கும் ‘பூண்’ எனலாமா?
– க.

கருவி பழுதுபார்ப்பவன் பேசுகிறேன். பூண் ஆகாது அம்மா. பேரலின் இரண்டு முனையிலும் உலோக வளையம் இருக்கிறது, பூண் என்ற சொல் அதற்கு வேண்டும். எங்கள் பட்டறையில் பேரல்தான்.

சொல்லை விடுங்கள், ம. எழுதியதில் ‘கருங்காலி’ தவறு. கிளாரினெட் மரம் தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வளர்வது, சுவாகிலியில் ‘ம்பிங்கோ’. அது நம் ஈட்டி மரத்துக்குப் பங்காளி. கருங்காலி வேறு குடும்பம்.

அப்புறம், மரம் மாறினால் ஒலி மாறும் என்று அடித்து எழுதாதீர்கள். ஜான் பேக்கஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1964இலேயே அளந்து பார்த்து, குழல் சுவரின் அதிர்வு ஒலியைச் சொல்லும்படி மாற்றுவதில்லை என்றார். மாறுவது உள்துளையின் அகலமும் சரிவும். ஆனால் கையில் வித்தியாசம் உண்டு. போன மழையில் ஒரு பையன் மர பேரல் கழலவில்லை என்று தூக்கி வந்தான். மூட்டு ஈரத்தில் உப்பி இறுகிவிட்டது. அரை நாள் உலரவிட்டு, துணி சுற்றித் திருகினேன். எபோனைட் இப்படி உப்பாது. வெயிலில் வைத்தால் மட்டும் பச்சை கலந்த பழுப்பாக வெளிறிவிடும்.
– பா.

நாகசுரத்தில் சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல்) செருகும் கெண்டையை இங்கே கொண்டுவந்தால்?
– இரா.

கெண்டை சீவாளிக்குள் போகும் உலோகக் குழாய். இதில் ஊதுவாயே பேரலுக்குள் போகிறது. தலைகீழ்.
– பா.

சரி, ‘இடைக்குழல்’. நடுவில் இருக்கிறது, குழலாகவும் இருக்கிறது. யாருக்கும் பிடிக்கவில்லை என்றாலும் யாருக்கும் புரியாமல் போகாது.
– க.

எனக்குச் சம்மதம்.
– இரா.

சம்மதம், ஆனால் கடையில் போய் இடைக்குழல் கேட்டால் மேல்குழலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.
– பா.

இடைக்குழல் என்றே போட்டு அனுப்பிவிட்டேன், எல்லோருக்கும் நன்றி. பா. ஐயா மன்னிக்க வேண்டும், கருங்காலி நான்கு இடத்தில் தப்பிவிட்டது.
– ம.

இரண்டாம் பதிப்பில் அதையும் திருத்துங்கள், மிடற்றையும் சேருங்கள்.
– செ.